மூன்றாவது பாட்டில்

இப்போதெல்லாம் நிலம் ஆடி அடங்குவதற்குள் மருமகள் போனைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறாள். நாலு புள்ளி எட்டு என்கிறாள். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். ஆளாளுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு, உன் வீட்டில் எப்படி, என் வீட்டில் எப்படி என்று அரை நாள் ஓட்டுவோம். நீங்கள் நாலு பேர் கூடினால் பெரிய அலை வந்த வருஷத்தைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். அதை நான் பேசப்போவதில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு நாற்பது வருஷம் முந்தி, இதே அந்தமானில், லாங் ஐலண்ட் தீவில், எங்கள் வீட்டுச் சுவர்ப் பலகையில் வரிசையாக நின்ற ஆறு பாட்டில்களைப் பற்றி. பாட்டில் என்றதும் சிரிக்க வேண்டாம். எல்லாம் தைல பாட்டிலும் மருந்து பாட்டிலும்தான்.

அப்பா அங்கே மர மில்லில் அளவு குமாஸ்தா. காட்டிலிருந்து யானை இழுத்து வரும் மரத்தின் சுற்றளவைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த என்னையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவர். கடலைப் பார்த்த சரிவில், மரக்கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு எங்களுக்கு. தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வீடு முழுக்க, சோறு தண்ணீர் உட்பட, படாக் மரத்தூள் வாசம் அடிக்கும். இன்றைக்கும் போர்ட் பிளேரில், ஜங்லிகாட் பக்கம் ஒரு தச்சுப் பட்டறையைத் தாண்டினால் எனக்குப் பசிக்கிறது.

எனக்கு எட்டு வயது நடந்த அந்த வருஷம் நிலம் அடிக்கடி ஆடியது. முதலில் பக்கத்து வீட்டு வாத்துகள் கத்தும். பிறகு அடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பும். லாரி வருகிற மாதிரி என்று பெரியவர்கள் சொல்வார்கள். தீவில் லாரியே கிடையாது, நான் லாரியைப் பார்த்ததும் இல்லை. பின்னாளில் போர்ட் பிளேருக்கு வந்த புதிதில், கடையில் நின்றுகொண்டிருந்தவள் ஒரு லாரிச் சத்தம் கேட்டு வெளியே ஓடி நடுத்தெருவில் நின்றேன். லாரிக்காரர் இறங்கி வந்து திட்டினார்.

எவ்வளவு ஆடியது என்பதில் எந்த இரண்டு வீடும் ஒத்துப்போகாது. உட்கார்ந்திருந்தவருக்குப் பெரிதாகத் தெரியும். நடந்துகொண்டிருந்தவர், எப்போது ஆடியது என்று கேட்பார். ஜெட்டியில் கட்டிய படகில் இருந்தவர்கள் எங்களை நம்பவே மாட்டார்கள். மில்லில் இருந்தவர்களுக்கு எந்தக் காலத்திலும் எதுவும் தெரிந்ததில்லை, அங்கே ரம்பம் ஓடினால் தரை எப்போதும் அதிர்ந்துகொண்டுதான் இருக்கும். பக்கத்து வீட்டு வங்காளி மாசி தன் வாத்து முட்டை எத்தனை உடைந்தது என்பதை வைத்துப் பேசுவாள். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மாமா எல்லோரையும்விட ஒரு படி கூட்டித்தான் சொல்வார். அவர் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இந்த வாய்க்கு வந்த பேச்சு பிடிக்காது. அவளுக்கு எதுவும் துல்லியமாக இருக்க வேண்டும். ஒரு நாள் வீட்டில் கிடந்த பாட்டில்களை எல்லாம் கழுவித் துடைத்து, அடுப்படிச் சுவரில் இருந்த பலகையில் வரிசையாக நிறுத்தினாள். ஒல்லியான உயரமான தைல பாட்டில் முதலில். அடுத்து அவளுடைய பன்னீர் பாட்டில். மூன்றாவது, காகிதத்தில் வேளைக்கு ஒரு கோடு வெட்டி ஒட்டிய மருந்து பாட்டில். நான்காவது தலைக்கு எண்ணெய் வந்த பாட்டில், ஐந்தாவது கிரைப் வாட்டர். கடைசியில் குட்டையாக, பருமனாக, அப்பாவின் மை பாட்டில். அது மட்டும் காலி இல்லை, புழக்கத்தில் இருந்தது. கீழே விழுந்தாலும் உடையாமல் இருக்கக் கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போட்டாள்.

"இனிமே யாரும் பெருசு சின்னதுன்னு சண்ட போட வேண்டாம்," என்றாள். "மனுசன் கூட்டிக் கொறச்சுச் சொல்லுவான். பாட்டில் பொய் சொல்லாது."

அது அப்படியே வேலை செய்தது. சின்ன ஆட்டத்துக்குத் தைல பாட்டில் மட்டும் விழும். கொஞ்சம் பெரிதென்றால் பன்னீரும் சேர்ந்து விழும். சீக்கிரத்திலேயே குடியிருப்பு முழுக்க எங்கள் வீட்டு அளவுதான் செல்லுபடியானது. ஆட்டம் நின்றதும் மாசி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இந்தியில் கேட்பாள், "கித்னா போத்தல் கிரா?" எத்தனை பாட்டில் விழுந்தது என்று. கம்பவுண்டர் மாமாகூட, அன்றைக்கு ஒரு பாட்டில்தானாம் என்று கொஞ்சம் வருத்தத்தோடு ஒத்துக்கொள்வார். மை பாட்டில் விழுமா என்று நான் கேட்டதற்கு, அது விழுந்தால் எண்ணுவதற்கு ஆள் இருக்காது என்றாள் அம்மா.

அப்போது அம்மாவுக்கு ஆறு மாதம். ஒரு நாள் தண்ணீர்ப் பானையோடு படியேறிக்கொண்டிருந்தபோது நிலம் ஆடி, படியிலேயே சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். பானை உருண்டு கடற்கரை வரைக்கும் போனது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எழுந்ததும் நேராக உள்ளே போய்ப் பலகையைத்தான் பார்த்தாள். மூன்று விழுந்திருந்தது. அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டாள், அடுத்த கப்பலில் பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறேன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று.

கப்பலுக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்கு அம்மை போட்டது. அம்மை போட்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று கம்பவுண்டர் மாமா கையை விரித்துவிட்டார். அதற்கடுத்த கப்பல் ஒரு மாதம் கழித்து. அதுவரை தங்கினால் அம்மா பயணம் செய்ய முடியாத நிலைக்கு வந்துவிடுவாள். அப்பா சொன்னார், நீ போ, உடம்பு தேறியதும் யாராவது தெரிந்தவர்களோடு இவளை அனுப்பிவைக்கிறேன் என்று.

வயிற்றுப் பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று அம்மாவை ஒரு வாரமாக என் அறைக்குள் விடவில்லை. போகிற அன்றைக்கு வீட்டுக்கு வெளியே, என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். நான் வேப்பிலைக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தது.

"ஏட்டி, சொறியக் கூடாது என்ன? தழும்பு விழுந்திரும்."

"நீ எப்பம்மா வருவ?"

"இந்த ஆட்டம் அடங்கட்டும். வந்திருதேன்."

தொடாமலே போய்விட்டாள். மில் சங்கு ஊதியதில், போர்ட் பிளேர்க் கப்பலுக்குக் கொண்டுபோகிற போட் கிளம்பிய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

உடம்பு தேறியது. அடுத்த கப்பலுக்குத் துணை கிடைக்கவில்லை என்றார் அப்பா. அதற்கடுத்ததற்கும் கிடைக்கவில்லை. பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஊரில் தம்பி பிறந்திருந்தான். காலையில் பள்ளிக்கூடம். ஒரே ஒரு வாத்தியார், எல்லாம் இந்தியில். மத்தியானம் வந்தால் அப்பா வரும் வரைக்கும் வீட்டில் நானும் பாட்டில்களும்தான். தெருவில் பிள்ளைகள் உண்டு. இருந்தாலும் நான் போகமாட்டேன். ஒருவேளை நான் வெளியே இருக்கும்போது ஆடி, எந்த பாட்டில் முதலில் விழுந்தது என்று தெரியாமல் போய்விட்டால்? அப்பா வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார், "எத்தன பிள்ள?" அந்த வீட்டில் ஒருவர் என்னைத் தேடிக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். சோறு பொங்கக் கற்றுக்கொண்டேன். பேச்சுக் குறைந்துபோனது. சில நாள் சாயங்காலம் வாயைத் திறந்தால் குரல் கட்டிப்போயிருக்கும்.

அம்மாவின் கடிதம் மாதம் ஒன்று வரும். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. அப்பாதான் வாசித்துக் காட்டுவார். தம்பிக்குப் பல் முளைத்தது, பிள்ளை தலைக்கு எண்ணெய் வைக்கிறாளா என்றெல்லாம் வரும். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்துவார், தொண்டையைச் செருமுவார், பிறகு இரண்டு விரல் இடம் தள்ளி ஆரம்பிப்பார். "பாட்டில் எத்தனை விழுகிறது என்பதைத் தவறாமல் எழுதவும்" என்ற வரி மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் உண்டு.

நான் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பேன், சொல்லுங்கள். ஆட்டம் அடங்கினால் வருகிறேன் என்று சொன்னவள், அடங்கிவிட்டதா என்று மாதா மாதம் கேட்கிறாள். மாசியும் வேலியோரம் என் தலையைத் தடவிச் சொன்னாள், "ஜமீன் ஹில்னா பந்த் ஹோகா, தப் மா ஆயேகா." நிலம் ஆடுவது நின்றால் அம்மா வருவாள். ஊரே சொன்ன பிறகு எனக்கு என்ன சந்தேகம் இருக்க முடியும்.

முதல் தடவை அதிகம் யோசிக்கவில்லை. மூன்று விழுந்தது. மருந்து பாட்டிலை எடுத்து, தூசி தட்டி, பழைய இடத்தில் நிறுத்திவிட்டேன். அப்பா வந்து கேட்டார். "ரெண்டு," என்றேன். அவர் கடிதத்தில் ரெண்டு என்று எழுதினார். பொய் சொன்னதற்கு எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது ஆடினால் என்ன செய்வது? ஒரு மத்தியானம் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பாட்டில்களின் அடியில் மெழுகைச் சொட்டவிட்டு, பலகையில் அழுத்தி ஒட்டினேன். ஓரத்தில் பிதுங்கியதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். முதல் இரண்டையும் விட்டுவிட்டேன். ஒன்றுமே விழாவிட்டால் யார் நம்புவார்கள்? அந்த வயதிலேயே அவ்வளவு சாமர்த்தியம். மை பாட்டிலை ஒட்டவில்லை. அப்பா தினம் எடுப்பார். தவிர, அதுதான் விழவே விழாதே.

அதன் பிறகு எங்கள் தீவில் எந்த ஆட்டமும் இரண்டைத் தாண்டவில்லை. மாசியின் முட்டை கூடை கூடையாக உடைந்தாலும் இரண்டுதான். கம்பவுண்டர் மாமா நாற்காலியோடு கவிழ்ந்த அன்றும் இரண்டுதான். பாட்டில் சொன்ன பிறகு அவர் என்ன பேச முடியும். நான் ஒவ்வொரு போட்டுக்கும் ஜெட்டிக்குப் போய் நின்றேன். கயிறு கட்டி, பலகை போட்டு, ஆட்கள் இறங்கி, அரிசி மூட்டை இறங்கி, கடைசி ஆள் இறங்கும்வரை நிற்பேன். இரண்டு என்பதும் அதிகமோ, ஒன்றாக்கிவிடலாமோ என்று யோசித்துக்கொண்டே திரும்புவேன்.

பெரியது ஒரு காலை நேரத்தில் வந்தது. பள்ளிக்கூடம் லீவு. நான் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாத்துகள் கத்தக்கூட நேரமில்லை. முதலில் வீடு ஒரு பக்கமாக நகர்ந்தது. அப்புறம் தகரம் முழுக்கக் கடகடத்தது. குடம், தட்டு, சாமி படம், அப்பாவின் கண்ணாடி எல்லாம் என்னைச் சுற்றி விழுந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பலகையையே பார்த்தேன். தைலம் போனது. பன்னீர் போனது, அது சாக்கைத் தாண்டி விழுந்து உடைந்தது. கடைசியில் அந்தக் குட்டை மை பாட்டில், மெல்ல மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்து, கவிழ்ந்து விழுந்தது. நடுவில் மூன்று பாட்டில்கள் மட்டும் அசையாமல் நின்றன.

நின்றதும் எனக்கு அம்மா வேண்டும் போல இருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். யாரும் வரவில்லை. பிறகு கை தானாகவே வேலையைப் பார்த்தது. மை பாட்டிலை எடுத்துப் பலகையில் வைத்தேன். மை முழுவதும் சாக்கில் கொட்டியிருந்தது. சாக்கைத் திருப்பிப் போட்டேன்.

அப்பா ஓடி வந்தார். அன்றைக்கு மில்லில்கூடத் தெரிந்துவிட்டது. தலை, புருவம் எல்லாம் மரத்தூள். என்னைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறக்கிவிட்டார். பிறகு கீழே கிடந்ததை எல்லாம் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"எத்தன பிள்ள?"

"ரெண்டு."

அப்பா பலகைக்கு அருகில் போனார். எண்ணெய் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். அது வரவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் திருகி, அடியை விரலால் தடவிப் பார்த்தார். அவர் கையை எடுத்துக்கொண்டார். விரல் நுனியை வேட்டியில் துடைத்தார். என் பக்கம் திரும்பாமலே, "சரி, ரெண்டு," என்றார். பிறகு துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடிச் சில்லைக் கூட்ட ஆரம்பித்தார். பாட்டில் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டார் போல, தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். அந்த வார போட்டுக்கு அவர் கடிதம் எழுதியதை எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். மரத்தில் குறி போடுகிற பென்சிலால் எழுதினார்.

அம்மா வந்தபோது எனக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. அப்பாவுக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி, ஜங்லிகாட்டில் வாடகை வீடு பிடித்திருந்தோம். நடக்கத் தெரிந்த ஒரு பையனோடு வந்து இறங்கினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பித் தழும்பைத் தேடினாள். அந்தக் கை எனக்கு யாரோ ஒருவருடையது போல இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதன் பிறகு நன்றாகத்தான் இருந்தோம். ஆனால் அம்மா மடியில் போய்த் தலை வைக்கிற பழக்கம் தம்பிக்கு இருந்தது, எனக்குத் திரும்ப வரவே இல்லை.

பாட்டில்களை லாங் ஐலண்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். ஒட்டியிருந்தவற்றை என்னால் பெயர்த்தெடுக்க முடியவில்லை. அப்பா, கிடக்கட்டும் விடு என்றார்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். எனக்குப் பதினெட்டு வயது. ஜங்லிகாட்டில் ஒரு சாயங்காலம் ஆடியது. சந்து முழுக்க ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் டியூப்லைட் ஆடியது, எங்கள் வீட்டில் பீரோ திறந்துகொண்டது என்று வழக்கமான போட்டி. எதிர் வீட்டுத் தெலுங்கு அக்கா, லாங் ஐலண்டில் இதைவிடப் பெரிதாக இருக்குமாமே என்று அம்மாவிடம் கேட்டாள். அப்பா சந்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"அங்கயா? நான் இருந்த வரைக்கும் பெருசுதான்," என்றாள் அம்மா. "நான் போனப்பொறவு ஒண்ணும் இல்ல. இவுக ஒவ்வொரு கடுதாசிலயும் ஒண்ணு, ரெண்டுன்னுதான் எழுதுவாக. நான் இவுக கிட்ட கண்டிசனா எழுதிருந்தேன். மூணு பாட்டில் விழுந்திச்சுன்னா ஒரு நாள்கூடப் பிள்ளைய அங்க வைக்கக் கூடாது, அடுத்த கப்பல்ல எங்கிட்ட அனுப்பிரணும், தொணை கெடைக்கலன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு. மாசா மாசம் மூணுன்னு வந்திராதான்னு இருக்கும் எனக்கு. நெலம் ஆடணும்னு எவளாவது வேண்டுவாளா? நான் வேண்டிருக்கேன்."

தெலுங்கு அக்கா சிரித்தாள். நான் அப்பாவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தில் அவர் தாண்டிய இரண்டு விரல் இடம் அதுதான். ஒரு ஆள்கூடத் துணைக்குக் கிடைக்காத அத்தனை கப்பல்கள். விரல் நுனியில் ஒட்டிய மெழுகை வேட்டியில் துடைத்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்று எனக்கு அன்றைய அவரைவிட வயதாகிவிட்டது. வீட்டுக்காரர் போன பிறகு, சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது கேள்வி கேட்க ஒருவர் உள்ளே இருப்பது என்ன விஷயம் என்று தெரிகிறது. கோபம் முழுசாகப் போகவில்லை, பாதி போயிருக்கிறது.

"ஒரு தடவ பேப்பர்லயே பெருசுன்னு போட்டிருந்தான்," என்று அம்மா தொடர்ந்தாள். "எங்கண்ணன் வாசிச்சுக் காட்டுனான். பெட்டியக்கூடக் கட்டிட்டேன். கடுதாசி வந்து பாத்தா, அதுலயும் ரெண்டு. அது மட்டும் பென்சில்ல எழுதிருந்தாக." அப்பா பக்கம் திரும்பினாள். "ஆமா, அத ஏன் பென்சில்ல எழுதுனீங்க?"

"மை தீந்துபோச்சு," என்றார் அப்பா.

"ரெண்டுதான விழுந்திச்சு?"

"ரெண்டுதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். கேள்வி எனக்கும்தான். அப்பா திரும்பவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் இழந்த இரண்டு வருஷத்தையும் அன்றைக்கே, அந்தச் சந்தில், எல்லோர் முன்னாலும் மறுபடி இழப்பாள்.

"ரெண்டுதாம்மா," என்றேன்.

"அதான பாத்தேன்," என்று அம்மா தெலுங்கு அக்காவிடம் திரும்பினாள். "பேப்பர்காரன் கூட்டித்தான் போடுவான். பாட்டில் பொய் சொல்லாதுல்லா."